உன் அப்பா எந்த வாசல் வழியாகப் போனார்?

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரியவளும், அடுத்த மாதம் சட்டமன்ற உறுப்பினராகவோ அல்லது வழக்கம்போல் அடுத்தவர் வாயைத் திறந்து பார்க்கும் பல் டாக்டராகவோ விளங்கப்போகிறவளுமான என் அக்கா மகளுக்கு,

உன் ஒரே தாய்மாமன், சட்டமன்றச் செயலகத்தில் முப்பத்தோரு வருஷம் பென்சில் பிடித்து ஓய்ந்தவன், குடும்பத்தாரால் 'அண்டப்புளுகன்' என்று செல்லமாக அழைக்கப்படுபவன், சகலவிதமான மரியாதைகளையும் இந்த முதல் பக்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டு எழுதுவது. இங்கே நான் நலம். உன் அம்மா நலம். உன் அப்பா, அதாவது என் மாண்புமிகு அத்தான், எண்பது வயதில் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, ஒவ்வொரு செய்திக்கும் "இது அப்படி நடக்கல" என்று சொல்லிவிட்டுத் திருப்புகிற அளவுக்கு நலம். நீயும் உன் குறடும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது.

உன் கடிதம் வந்தது. "மாமா, வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள வேட்புமனுவுல கையெழுத்துப் போடணுமாம். கட்சிக்காரங்க நோயாளி வாயில பஞ்சு வச்சிருக்கும்போதுகூட போன் பண்றாங்க. அதுக்கு முன்னால எனக்கு அப்பாவோட தேர்தல் வரலாறும், சபையில அவர் போட்ட ஓட்டு விவரமும் வேணும். முக்கியமா அந்தப் பிரசவ வார்டு ஓட்டு. நான் ஒரு தெருவுல போய் நின்னா முதல் கேள்வியே அதுதான். அதுக்குப் பதில் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்பாகிட்ட கேட்டா, பதிவேட்டுல இருக்கே, படிச்சுக்கோங்கிறார். நீங்கதான் அங்கேயே இருந்தீங்க. தயவுசெஞ்சு அளக்காம சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறாய்.

அளக்காமல்! என்னைப் பார்த்து! மீனிடம் போய், நனையாமல் நீந்து என்று சொல்வாயா? சரி, போகட்டும். அரசியல் சட்டத்தின் மீதும் என் மூக்குக்கண்ணாடியின் மீதும் ஆணையிட்டு ஓர் உறுதிமொழி தருகிறேன். இனி வரப்போகிற எதையும் நீ நம்பமாட்டாய். உன் வீட்டுக்காரர் நம்பமாட்டார். உன் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளிகள், மறுத்துப் பேச வழியில்லாத அந்த நிலையிலும், நம்பமாட்டார்கள். இப்படி ஒரு கதையை உலகில் எவரும் நம்பியதில்லை. கேள்.

முதல் தேர்தலில் உன் அப்பா போட்டியிடவே இல்லை. அவர் வரிசை மாறி நின்றார், அவ்வளவுதான். அப்போது அவர் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். வாக்காளர் பட்டியலில் அவரை இறந்தவர் என்று போட்டுவிட்டார்கள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். குடை பிடிக்க நானும் போனேன். அங்கே இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் இறந்துபோனதாகப் பட்டியலிடப்பட்ட நாலாயிரம் பேர் வியர்வையோடு நின்றுகொண்டிருந்தார்கள். இன்னொன்றில் ஈ காக்கை இல்லை. உன் அப்பா எந்த ஜன்னலுக்குப் போயிருப்பார் என்று உனக்கே தெரியும். "நான் உயிரோட இருக்கேன்னு பதியணும்" என்றார். உள்ளே இருந்தவர் நிமிராமலே, "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, இங்கே கையெழுத்துப் போடுங்க. முன்மொழியறது யாரு?" என்றார். அத்தான் திரும்பிப் பார்த்தார். குடையோடு நின்றவன் நான் ஒருவன்தான். "இவன்" என்றார். இப்படியாகத்தானே ஒரு மாபெரும் அரசியல் வாழ்வு அரும்பிற்று. வெளியே வந்த பிறகுதான் கையிலிருந்த தாளைப் படித்தோம். உயிரோடிருப்பதற்கான சான்று அல்ல அது. சின்னம் ஒதுக்கிய தாள். சின்னம்: வாளி.

அத்தான் பிரசாரம் செய்யவில்லை, கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் எதிரணியினர் ஒரு புகார் கொடுத்தார்கள்: ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எவர் கையிலாவது வாளி இருக்கிறது, குழாயடி முழுக்க வாளி, இது தேர்தல் விதிமீறல், சின்னத்தை மறைக்க வேண்டும். தேர்தல் அதிகாரி கடமை தவறாதவர். வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் முன்னதாக, தொகுதியிலுள்ள அத்தனை வாளிகளையும் துணி போட்டு மூட உத்தரவிட்டார். எண்பதாயிரம் வாளி, அம்மா! தொகுதியில் துணி தீர்ந்துபோய்ப் பக்கத்துத் தொகுதியிலிருந்து ஜன்னல் திரைகளை வரவழைத்தார்கள். ஐந்து நாள் ஜனங்கள் சாம்பார்ப் பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு குளித்தார்கள். ஆறாவது நாள் காலையில் கொதித்துப்போய் வந்து, மை காய்வதற்குள் வாளியில் குத்திவிட்டுப் போனார்கள். எதிர்த்து நின்ற மூவரும் தங்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளவில்லை, அவர்களும்தான் குளிக்கவில்லையே.

இரண்டாவது தேர்தலில் அவர் கட்சியில் சேர்ந்திருந்தார். ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் பேரின் கையைக் குலுக்கினார். கடைசி நாள் அவருடைய கை தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. தூங்கும்போது உன் அம்மா அதன்மேல் அம்மிக்கல்லை வைத்துவிட்டுத்தான் படுத்தாள். ஜவுளிக்கடையில் சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மையின் கையைப் பிடித்து, "உங்க ஆதரவு வேணும், வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். கடைக்காரர் சிரிக்கவில்லை. "அந்தம்மா யாருக்குமே வாக்குக் கொடுக்க மாட்டாங்க சார், உங்களைப் பாத்து லேசா தலையாட்டின மாதிரி இருந்தது" என்றார். எண்ணிக்கையில் அந்த வாக்குச்சாவடியில் ஒரு ஓட்டு அதிகமாக விழுந்திருந்தது. நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்வதற்கில்லை.

மூன்றாவது தேர்தலை இப்போதைக்குத் தாண்டிப் போகிறேன். நாலாவதில் அவரைக் கவிழ்க்க, அவர் பெயரையே கொண்ட ஏழு பேரை எங்கிருந்தோ பிடித்துவந்து எதிரணி நிறுத்தியது. ஒரே பெயரில் எட்டு பேர்! வாக்காளர்கள் சளைக்கவில்லை, யாருக்குப் போட்டாலும் அவருக்குத்தான் என்று சகட்டுமேனிக்குக் குத்தித் தள்ளினார்கள். அத்தான் முதலாவதாக வந்தார். அந்த ஏழு பேரும் இரண்டிலிருந்து எட்டு வரை வந்தார்கள். அவர்களை நிறுத்திய ஆசாமி ஒன்பதாவதாக வந்து, பிறகு நீதிமன்றத்துக்குப் போய்த் தன் பெயரையும் மாற்றிக்கொண்டார். ஐந்திலிருந்து ஒன்பது வரை நடந்த தேர்தல்களைப் பற்றி எழுத மை போதாது. எட்டாவதில் அவரை எதிர்த்து நின்றவரே அவருக்காக வீடு வீடாகப் போனார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

இனி சபை. இங்கேதான் நீ காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நம் சபையில் பொத்தான் அமுக்குகிற நாகரிகமெல்லாம் பின்னால் வந்தது. அந்தக் காலத்தில் கால்தான் ஓட்டு. மணி அடிக்கும். மசோதாவை ஆதரிப்பவர்கள் எழுந்து வலதுபக்க வாசல் வழியாக வெளியே நடப்பார்கள். அது ஆம் வாசல். எதிர்ப்பவர்கள் இடதுபக்கம், அது இல்லை வாசல். வாசலுக்கு ஒரு எழுத்தர் அட்டையும் பட்டியலுமாக நின்று, தன்னைத் தாண்டிப் போகிறவர்களின் பெயருக்கு நேரே டிக் போடுவார். அந்த டிக்தான் மறுநாள் அச்சாகும். அச்சானதுதான் வரலாறு.

உன் அப்பாவின் நாற்பது வருஷ ஓட்டுகளை ஆராய்ந்து பட்டம் வாங்க ஒரு பேராசிரியர் வந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி. "காலையில் அரசை ஆதரிக்கிறார், மத்தியானம் எதிர்க்கிறார். இதில் ஓர் ஆழ்ந்த தத்துவம் தெரிகிறது" என்றார். தத்துவமாவது! ஆம் வாசலுக்கு வெளியே நல்ல மெத்தை நாற்காலிகளும் மின்விசிறியும் உண்டு. இல்லை வாசலுக்கு வெளியே கழிப்பறை. அத்தானுக்கோ சர்க்கரை. பதினோரு மணிக் காப்பிக்கு முன்னால் கொண்டுவந்த மசோதாக்கள் எல்லாம் அவரால் அமோகமாக ஆதரிக்கப்பட்டன. காப்பிக்குப் பின் வந்தவை தாங்கமுடியாத வேகத்தில் எதிர்க்கப்பட்டன. இதைக் கண்டுபிடித்துவிட்ட ஒரு மந்திரி, தன் மசோதா வருகிற நாளில் அவருக்குக் காப்பி கொடுக்கக் கூடாது என்று சிற்றுண்டிச்சாலைக்கு ரகசிய உத்தரவு போட்டார். எதிர்க்கட்சித் தலைவரோ பிளாஸ்கில் வீட்டிலிருந்து கொண்டுவந்து, "அண்ணே, இன்னும் ஒரு வாய்" என்று ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒரு நாட்டின் நீர்ப்பாசனக் கொள்கை முழுவதும் அத்தானின் மூத்திரப்பை மேல் நின்றது என்றால் நீ நம்பவா போகிறாய்?

சரி, சரி. பல்லைக் கடிக்காதே, உனக்கே தெரியும், தேய்ந்துவிடும். வார்டுக்கு வருகிறேன்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், அவருடைய இரண்டாவது தவணையின் கடைசியில் வந்தது அந்த மசோதா. சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளிலுள்ள பிரசவ வார்டுகளை மூடி, எல்லாவற்றையும் பெரிய ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நம் ஊர் வார்டில் பதினெட்டுக் கட்டில். நீ பிறந்த இடம். முப்பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. மறுநாள் அச்சான பட்டியலில் ஆம் என்பதன் கீழே உன் அப்பா பெயர் இருந்தது. உனக்குப் பதினாறு வயது. உன் வகுப்புத்தோழியின் அக்கா அந்த வருஷமே பஸ்ஸில் பிரசவித்தாள். நீ பதினோரு வாரம் உன் அப்பாவோடு பேசவில்லை. பிறகு பேசினாய், ஆனால் படிக்கப் போன ஊரிலேயே தங்கிவிட்டாய். இதையெல்லாம் நான் பெரிதாக்கவில்லை, சின்னதாக்கவும் இல்லை.

அன்று நடந்தது குறித்து அறிஞர் பெருமக்களிடையே மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. முதலாவது: இல்லை வாசல் கழிப்பறையில் அன்று குழாய் வெடித்து, அங்கே போன நாலு உறுப்பினர்களை வெள்ளம் அடித்துக்கொண்டுபோய் நூலகத்தில் ஒதுக்கிற்று, ஆகவே அத்தான் மேட்டுப்பாங்கான வாசலாகப் பார்த்துப் போனார். இரண்டாவது: அவர் இல்லை வாசலுக்குத்தான் கிளம்பினார், ஆனால் எதிரே வந்த சுகாதார மந்திரியின் தொந்தியில் மாட்டிக்கொண்டார். அந்தத் தொந்தி அந்நாளில் உலகப்பிரசித்தம். அது நுழைகிற அறையில் ஜன்னல் தானாகத் திறந்துகொள்ளும். அத்தான் தரையில் கால் படாமல், ஒரு கப்பலின் முன்னால் ஒட்டிக்கொண்ட இலை மாதிரி, ஆம் வாசலைக் கடந்தார்.

மூன்றாவது கொள்கை சுத்த அபத்தம். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். அதன்படி அத்தான் ஆம் வாசலுக்கு வரவே இல்லையாம். அன்று அங்கே அட்டையோடு நின்றவன் உலகப்புகழ் பெறவிருந்த ஓர் இளம் எழுத்தன். அடக்கம் கருதி அவன் யாரென்று சொல்லவில்லை. அவன் ஜன்னலில் இரண்டு காக்கைகள் சண்டையிடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் பென்சில், காத்திருந்து காத்திருந்து சலித்துப்போய், தானாகவே காதிலிருந்து குதித்து, பட்டியலில் மேலிருந்து கீழ்வரை டிக் போட்டுக்கொண்டே ஓடியதாம். பென்சிலாவது ஓடுவதாவது! இதைச் சொல்பவனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

அடுத்த தேர்தலில், அதாவது நான் தாண்டிப்போன அந்த மூன்றாவதில், உன் அப்பா இருநூற்றாறு ஓட்டில் தோற்றார். திரும்பி வந்து கடிகாரக் கடையைத் திறந்தார். ஐந்து வருஷத்தில் ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் பழுதுபார்த்து முடித்துவிட்டு, வேலையில்லாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றையும் பழுதுபார்த்தார். அந்தத் தலைமுறையில் எவரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை.

இதுதான் நீ கேட்ட வரலாறு. இதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடவும் முடியாது, போடாமலிருக்கவும் முடியாது என்பது எனக்குத் தெரியும். இன்று காலை உன் அம்மா, "அவளுக்குப் பதில் எழுதினியாடா? இல்ல, இன்னும் வாளிக்குத் துணி போட்டுக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "அவனைத் தொந்தரவு பண்ணாதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. உன் கை நடுங்காதிருக்கட்டும், உன் நோயாளிகள் கடிக்காதிருக்கட்டும், நீ எந்த வரிசையில் நின்றாலும் அது நகர்ந்துகொண்டே இருக்கட்டும். நூறாண்டு வாழ்க என்று சொன்னால் உனக்கு இன்னும் நாற்பத்தெட்டுதான் பாக்கி, ஆகவே நூற்றைம்பது.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
ஓய்வுபெற்ற பென்சில்.

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் பொய். உன் அப்பா சரியான ஜன்னலுக்குத்தான் போனார். வாளி அவர் சின்னமே அல்ல. ஒன்பது தடவை நின்றார், எட்டுத் தடவை ஜெயித்தார். எப்படி என்றால், வெயிலில் வீடு வீடாகப் போய்க் கேட்டார். அவருக்குச் சர்க்கரை வந்ததே எழுபது வயதுக்கு மேல்தான். பதிவேட்டில் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் ஓட்டு இருக்கிறது, எடுத்துப் பார். ஒன்றில்கூடக் கட்சியை மீறியிருக்க மாட்டார். உண்மையில் மீறியது ஒரே ஒரு நாள். அது பதிவேட்டில் இல்லை.

மூன்றாவது கொள்கை மட்டும் உண்மை. பென்சில் தானாக ஓடாது. அதற்கு ஒரு கை வேண்டும்.

எங்கள் பட்டியலில் கட்சிக்கு ஒரு பக்கம். அப்போது உன் அப்பாவின் கட்சிதான் ஆளுங்கட்சி; அந்தப் பக்கம் மொத்தமும் ஆம் வாசலில்தான் வரும் என்பது எல்லா எழுத்தருக்கும் தெரியும். அதனால் மணி அடிக்கும்போதே பக்கம் முழுக்க டிக் போட்டுவிடுவோம். வராதவர்களைப் பிறகு அழித்துக்கொள்வோம். செய்யக்கூடாது. எல்லோரும் செய்தோம். இல்லை வாசலில் நின்றவர் மட்டும் செய்யமாட்டார்; ஆளைப் பார்த்துத்தான் டிக் போடுவார். அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்துச் சிரிப்போம். அன்று அவர் பட்டியலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, உங்க அத்தான் ரெண்டு பட்டியல்லயும் இருக்காரே."

"என் பக்கம்தான் வந்தாரு."

"நான் பாத்தேனேப்பா."

"நானும்தான் பாத்தேன். நீங்க பாத்தது வேற யாராவது வழுக்கையா இருக்கும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சொந்த அத்தானை நீ தப்பாப் பாக்க மாட்டே" என்று சொல்லி ரப்பரை எடுத்தார்.

எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அவரைத் தங்கள் வாசலில் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் அவர் தோற்பது அவர்களுக்கு நல்லது. அவர் கட்சிக்கோ பட்டியல் ஒழுங்காக இருப்பது நல்லது. ஆக எல்லோருக்கும் நல்லதாகவே முடிந்தது. மறுநாள் காலை அச்சான பட்டியலை அத்தான் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தார். பக்கத்தில் திருத்தக் கோரும் படிவம் இருந்தது. மூன்று நாளுக்குள் கொடுக்கலாம். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"நேத்து வாசல்ல என்னைப் பாத்தியா?"

"பாத்தேன் அத்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

அவர் அந்தப் படிவத்தை எடுத்தார், மடித்தார், ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் சொருகினார். "சரி, பாத்தவன் சொன்னா சரிதான்" என்றார். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊர் கேட்டபோதும், நீ கேட்டபோதும், பதிவேட்டில் இருக்கிறது என்றுதான் சொன்னார்.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். தெருவில் யாராவது கேட்டால் இந்தக் கடைசித் தாளை மட்டும் காட்டு. அதற்காகத்தான் தனித்தாளில் எழுதி, கீழே முழுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உன் அப்பாவிடம் போய்க் கேட்டால், பாத்தவன் சொன்னா சரிதான் என்பார்.

நான் பார்க்கவில்லை.